எடுக்காத கம்ப்ரசர்: பழைய காரின் ஏசியில் மின்கோளாறு அறிதல்

பல ஆண்டுகள் ஓடிய காரில் ஏசி குளிர்ச்சி தராமல் நின்றுவிட்டால், பட்டறையில் பெரும்பாலும் முதலில் சொல்லப்படும் காரணம் கேஸ் தீர்ந்துவிட்டது என்பதுதான். அந்தக் கணிப்பு பல வேளைகளில் சரியாகவே அமைந்துவிடுவதால், அது தவறும் வேளைகளில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எழாமல் போகிறது. குழாய்களுக்குள் கேஸ் வேண்டிய அளவு இருந்தும், அதை அழுத்திச் சுற்றவிட வேண்டிய கம்ப்ரசர் ஒரு முறைகூடச் சுழலாமல் நிற்கும் நிலை பழைய கார்களில் அரிதன்று. பட்டறை வழக்கில் இதைக் கம்ப்ரசர் 'எடுக்கவில்லை' என்பார்கள். அந்நிலையில் இருக்கும் கேஸை வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவதால் கோளாறு தீர்வதில்லை. செலவு கூடுவதோடு, 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய கார் எனில் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் ஆர்-12 என்ற குளிரூட்டிப் பொருளோ, அதற்குப் பிந்தைய கார் எனில் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவை ஆயிரம் மடங்குக்கும் மேல் விஞ்சும் ஆர்-134ஏ என்ற பொருளோ வீணாக வானில் கலக்கவும் நேர்கிறது. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையும் அதன் 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தமும் உலக அளவில் கட்டுப்படுத்த முனைந்த பொருள்கள் இவை. ஆகவே மின்கோளாற்றை மின்கோளாறு என்று சரியாக இனங்காண்பது உரிமையாளரின் பணத்தைக் காப்பதற்கு மேலும் பொருளுடைய செயலாகிறது.

குழப்பத்தின் வேர் அமைப்பின் இயல்பிலேயே இருக்கிறது. காரின் ஏசிக்குள் இரண்டு சுற்றுகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன. முதலாவது குளிரூட்டிப் பொருளின் சுற்று: டேஷ்போர்டுக்குள் அமைந்த கூலிங் காயிலில் நீர்மம் ஆவியாகும்போது காரின் உட்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது; அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சருக்கு அனுப்ப, அங்கே அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் நீர்மமாகிறது. இரண்டாவது, கம்ப்ரசர் எப்போது சுழலலாம், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் மின்சுற்று. இவற்றில் எது பழுதானாலும் ஓட்டுநர் உணர்வது ஒன்றுதான்: காற்று வருகிறது, குளிர் வரவில்லை.

1939இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு மாதிரிகளில் ஏசியை அறிமுகப்படுத்தியபோது கம்ப்ரசரைப் பிரித்துவைக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. கம்ப்ரசர் பெல்ட் வழியாக இன்ஜினோடு நிலையாகப் பிணைந்திருந்ததால், அதை நிறுத்த வேண்டுமானால் இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது. பின்னாளில் அந்தக் கைவேலையை மின்காந்தக் கிளட்ச் ஏற்றுக்கொண்டது. கம்ப்ரசரின் முகப்பில் உள்ள புல்லி இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் முன்னால், மயிரிழை போன்ற இடைவெளி விட்டு, கம்ப்ரசரின் தண்டோடு இணைந்த இரும்புத் தட்டு ஒன்று அசையாமல் நிற்கும். புல்லிக்குப் பின்னால் உள்ள செப்புக் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது எழும் காந்தப்புலம் அந்தத் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்க, 'டக்' என்ற ஒலியோடு தண்டு சுழலத் தொடங்குகிறது. மின்னோட்டம் நின்றதும் தட்டின் வில்கள் அதைப் பின்னுக்கு இழுத்துவிடுகின்றன.

மின்கோளாறு அறிதல் என்ற வேலை முழுவதும் இந்தச் சுருளுக்கு வந்து சேர வேண்டிய மூன்று, நான்கு ஆம்பியர் மின்னோட்டத்தைத் தேடிப் போவதுதான். அந்த மின்னோட்டம் பேட்டரியிலிருந்து நேராகச் சுருளுக்கு வருவதில்லை. வழியில் பல இடங்களில் அதற்கு அனுமதி கிடைக்க வேண்டும். 1980களிலும் 1990களிலும் வடிவமைக்கப்பட்ட பெரும்பாலான கார்களில் அந்த அனுமதிச் சங்கிலி ஏறக்குறைய ஒரே மாதிரியானது. காற்றை ஊதும் புளோயரின் சுவிட்ச் முதற்கட்டம். புளோயர் ஓடாதபோது கம்ப்ரசர் ஓடினால் கூலிங் காயிலில் வெப்பம் வந்து சேராமல் அது உறைந்துவிடும் என்பதால், புளோயர் அணைந்திருக்கும்போது ஏசிக்கு மின்சாரமே கிடைக்காதவாறு இணைத்திருப்பார்கள். அடுத்தது ஏசி பொத்தான். அதன் பின், கூலிங் காயிலின் தகடுகளுக்கிடையே செருகப்பட்ட வெப்ப உணரி, காயில் உறைநிலையை நெருங்கும்போது இணைப்பைத் துண்டித்து, சில டிகிரி ஏறியதும் திரும்பச் சேர்க்கிறது. அதற்கும் அப்பால், குளிரூட்டிப் பொருள் செல்லும் குழாயிலோ, ஈரத்தை உறிஞ்சும் டிரையர் என்ற உருளையிலோ திருகப்பட்டிருக்கும் அழுத்தச் சுவிட்ச் இருக்கிறது. அழுத்தம் ஏறத்தாழ 2 பாருக்குக் கீழே இறங்கினாலும் 30 பாரைத் தாண்டி எகிறினாலும் அது சுற்றைத் திறந்துவிடும். இத்தனை பேரின் இசைவும் கிடைத்த பின் ரிலே மூடி, ஃப்யூஸ் வழியாக வரும் பெரிய மின்னோட்டத்தைக் கிளட்சுக்கு விடுகிறது. சிறிய இன்ஜின் கொண்ட கார்களில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. மாருதி 800இன் 796 சிசி இன்ஜின் போன்ற ஒன்றுக்குக் கம்ப்ரசர் பெருஞ்சுமை ஆகையால், அத்தகைய கார்களில் ஐடிலிங் வேகத்தைச் சற்று உயர்த்தும் வால்வையும், இன்ஜின் திணறும்போது கிளட்சை விடுவிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சேர்த்திருப்பார்கள்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி திறந்திருந்தாலும் கம்ப்ரசர் எடுக்காது. எனினும் திறந்திருக்கும் கண்ணியெல்லாம் பழுதான கண்ணி என்று கொள்வது பெரும் பிழை. கண்ணி தன் கடமையைச் செய்துகொண்டிருக்கலாம். கேஸ் உண்மையிலேயே கசிந்துபோயிருந்தால் அழுத்தச் சுவிட்ச் திறந்திருப்பதே முறை. அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு ஓட்டுபவர் தற்காலிகமாகக் கிளட்சை ஒட்டவைத்துவிடுவார். ஆனால் கம்ப்ரசருக்கு மசகு தரும் எண்ணெய் குளிரூட்டிப் பொருளோடு கலந்தே குழாய்களில் சுற்றிவருவதால், பொருள் இல்லாத கம்ப்ரசர் எண்ணெயும் இல்லாமல் உலர்ந்து தேய்ந்து, சிறிது காலத்தில் உலோகத் துகள்களைக் குழாய்கள் முழுவதும் பரப்பிவிடும். சில நூறு ரூபாய்ச் சுவிட்சின் எச்சரிக்கையைப் புறக்கணித்ததால் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டிவந்த கார்கள் பல. இணைப்புக் கம்பி வைத்துப் பார்ப்பது சில நொடிச் சோதனைக்கு மட்டுமே உரியது, அதுவும் உள்ளே அழுத்தம் இருப்பதை உறுதிசெய்த பிறகே.

கடமையையும் பழுதையும் பிரித்தறிய இயற்கை ஓர் எளிய வழியைத் தந்திருக்கிறது. மூடிய கலத்தில் நீர்மமும் ஆவியும் சேர்ந்திருக்கும்போது உள்ளழுத்தத்தை வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கிறது என்பது வெப்ப இயக்கவியலின் அடிப்படை. ஆர்-134ஏ நிரப்பிய கார் நிழலில் நெடுநேரம் நின்று, எல்லாப் பகுதிகளும் 30 டிகிரி செல்சியஸில் இருக்குமானால், அழுத்தமானி ஏறத்தாழ 6.7 பார் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் உள்ளே கொஞ்சமேனும் நீர்மம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை இந்த அளவு சொல்லாது; பாதியளவு இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். ஆனால் இங்கே எழுப்பப்படும் கேள்விக்கு அது போதுமானது. 2 பாரில் திறக்க வேண்டிய சுவிட்ச் 6 பாருக்கு மேலும் திறந்தே இருக்குமானால் அது பொய் சொல்கிறது, அதை மாற்றலாம். அழுத்தமானி 1 பாரையோ அதற்கும் கீழானதையோ காட்டினால் சுவிட்ச் மெய் சொல்கிறது, கசிவைத் தேட வேண்டும். கேஸ் தொடர்பான கேள்வியை இந்த ஒரே அளவீட்டால் ஓரளவு ஒதுக்கிவைத்துவிட்டு மின்சுற்றுக்குள் நுழைவது நல்ல முறை.

மின்சுற்றுக்குள் நுழைந்தபின் மிகப் பலரை வழிதவறச் செய்வது, வியப்பாகத் தோன்றினும், மல்டிமீட்டர்தான். கிளட்சின் பிளக்கைக் கழற்றி, வரும் கம்பியில் மீட்டரின் முனையை வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. உடனே கம்பியில் குறையில்லை, சுருள்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதுக் கிளட்ச் வாங்கிப் பொருத்தியும் பயன் இல்லாமல் போகிறது. இதன் காரணம் மீட்டரின் உள்ளமைப்பில் உள்ளது. மின்னழுத்தத்தை அளக்கும்போது டிஜிட்டல் மல்டிமீட்டர் ஏறத்தாழ ஒரு கோடி ஓம் மின்தடை உடையதாக நடந்துகொள்கிறது. ஆகவே அதன் வழியே பாயும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். அவ்வளவு சிறிய ஓட்டத்துக்கு, பச்சை படிந்த முனையும் ஒரே ஓர் இழையில் தொங்கும் கம்பியும் தடையே ஆவதில்லை. புரிகள் எல்லாம் அறுந்து ஒரே புரியில் நிற்கும் கிணற்றுக் கயிறு வெறும் வாளியைத் தாங்குவதைப் பார்த்து, நிறைந்த வாளியையும் அது தாங்கும் என்று நம்புவதைப் போன்றது அந்த அளவீடு.

எண்களால் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்னழுத்தத்தை 13.8 வோல்ட் என்றும், கிளட்ச் சுருளின் மின்தடையை 3.6 ஓம் என்றும் கொள்வோமானால், நல்ல சுற்றில் சுமார் 3.8 ஆம்பியர் பாய வேண்டும். வழியில் உள்ள ஒரு கனெக்டர் துருவால் 1.2 ஓம் மின்தடை பெற்றுவிட்டால் ஓட்டம் 2.9 ஆம்பியராகக் குறைகிறது, சுருளுக்கு 10.3 வோல்ட் மட்டும் கிடைக்க, எஞ்சிய 3.5 வோல்ட் அந்தக் கனெக்டரிலேயே தங்கிவிடுகிறது. அங்கே செலவாகும் திறன் ஏறத்தாழ 10 வாட். விரல்நுனி அளவான பிளாஸ்டிக் உறைக்குள் அவ்வளவு வெப்பம் தொடர்ந்து பிறந்தால் உறை பழுப்பேறி, முனையின் வில்தன்மை கெட்டு, தொடர்பு மேலும் தளர்ந்து, மின்தடை மேலும் ஏறும். பழைய கார்களில் கருகிய கனெக்டர்கள் உருவாவது இப்படித்தான்.

ஆகவே அளக்க வேண்டியது, மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு மின்னழுத்தம் இழக்கப்படுகிறது என்பதை. பிளக்கைக் கழற்றாமல், இன்ஜின் ஓட, ஏசி பொத்தான் அழுத்தப்பட்டிருக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மற்றதைக் கிளட்சுக்கு வரும் கம்பியின் பிளக்கின் பின்புறத்திலும் வைத்தால், அந்த நெடுவழியில் தொலைந்துபோன மொத்த வோல்ட் நேரடியாகத் தெரிகிறது. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பழைய காருக்கு அது ஏற்கத்தக்கது. இரண்டு, மூன்று வோல்ட் எனில் முனையை ரிலே, ஃப்யூஸ் என்று படிப்படியாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திச் சென்றால் இழப்பு சட்டென்று மறையும் இடம் ஒன்று வரும். அந்த இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் குறை இருக்கிறது. அழுத்தச் சுவிட்சும் வெப்ப உணரியும் ரிலேயின் சிறிய சுருளை மட்டுமே இயக்கும் கார்களில் அவை இந்தப் பெருவழியில் குறுக்கிடுவதில்லை என்பதால், ரிலே மூடாமலே இருந்தால் அவற்றைத் தனியாகத் தொடர வேண்டும். ஓடும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே கையும் கம்பியும் நீளும் வேலை இது என்பதால், தொங்கும் ஆடையும் தளர்ந்த கம்பியும் இல்லாமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. மீட்டர் இல்லாதவர் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்துச் செய்துகொள்ளும் டெஸ்ட் லேம்ப், பிளக்கைக் கழற்றிய நிலையில் மீட்டரைவிட நேர்மையான விடையைத் தருகிறது. அது தானே ஏறத்தாழ 1.75 ஆம்பியர் எடுத்துக்கொள்வதால், நலிந்த கம்பியில் மங்கலாகவே எரியும்.

இதே கவனம் திரும்பிச் செல்லும் வழிக்கும் தேவை. காரில் மின்னோட்டம் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புவது பெரும்பாலும் உலோக உடலின் வழியாகவே. பட்டறை மொழியில் இது எர்த். ஒற்றைக் கம்பி மட்டும் வரும் கிளட்சுகளில் சுருளின் மறுமுனை கம்ப்ரசரின் உடலில் இணைந்து, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், இன்ஜின், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் கம்பி என்று பல மூட்டுகளைக் கடந்து போகிறது. சட்டத்துக்குப் பெயிண்ட் அடித்துத் திரும்பப் பொருத்தியதாலேயே எர்த் கெட்டுப்போவதுண்டு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து செம்பில் பச்சை படியவைக்கும் வேகம் உள்நாட்டு ஊர்களைவிட அதிகம் என்பதால், அங்கே ஓடிய கார்களில் நேர்முனைப் பக்கத்துக்கு முன்பே எர்த் பக்கத்தைச் சோதிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். கம்ப்ரசரின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே, கிளட்சுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போது, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மூட்டுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

வோல்ட் எல்லாம் சரியாக வந்து சேர்ந்தும் கிளட்ச் ஒட்டாத ஒரு வகைக் கோளாறு இருக்கிறது. காலையில் நன்றாக வேலை செய்யும் ஏசி, நண்பகல் நெரிசலில் அரைமணி நேரம் ஓடிய பின் நின்றுவிட்டு, கார் ஆறிய பின் தானாகவே சரியாகிவிடுகிறது என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுகிறது. 25 டிகிரியில் 3.6 ஓம் உள்ள சுருள், இன்ஜின் அறையின் வெப்பமும் தன் வெப்பமும் சேர்ந்து 110 டிகிரியை எட்டும்போது 4.8 ஓம் ஆகிவிடும். ஓட்டம் கால்பங்கு குறையும். இழுவிசை ஓட்டத்தின் இருமடியைச் சார்ந்தது என்பதால், அது ஏறக்குறைய பாதியாகிவிடும். புதிய கிளட்ச் இதைத் தாங்கும்படியே வடிவமைக்கப்படுகிறது. ஆனால் பல ஆண்டுகள் ஒட்டிப் பிரிந்த தட்டும் புல்லியும் தேய்ந்து, 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய இடைவெளி 1 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டிருந்தால் கதை வேறு. இடைவெளி இரட்டித்தால் இழுவிசை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. குளிர்ந்த சுருள் அந்த இடைவெளியையும் சமாளித்துவிடும். சூடான சுருளால் முடியாது.

இந்தக் கோளாற்றில் நுட்பமான ஓர் அடையாளம் உண்டு. தட்டு ஒருமுறை ஒட்டிக்கொண்டால் இடைவெளி மறைந்துவிடுவதால், அதைப் பிடித்துவைக்கத் தேவையான விசை மிகக் குறைவு. எனவே ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசர் சூட்டினால் நடுவில் விட்டுவிடுவதில்லை. வெப்ப உணரி வழக்கப்படி ஒருமுறை துண்டித்து, மறுபடி சேர்க்கும்போதுதான் தட்டை இழுக்க முடியாமல் போகிறது. கிளட்சின் முனைகளில் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்க, தட்டு மட்டும் அசையாமல் நிற்கிறது என்றால், சுருளைக் குறைசொல்வதற்கு முன் ஃபீலர் கேஜ் கொண்டு இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். தட்டுக்கும் தண்டுக்கும் இடையே வைத்திருக்கும் மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டாலே பல கம்ப்ரசர்கள் மீண்டும் பல்லாண்டு உழைக்கும். இதை அறியாமல் கழற்றி எறியப்பட்ட நல்ல கம்ப்ரசர்களை எண்ணினால் வருத்தமே மிஞ்சுகிறது.

ரிலே பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. சிறிய ஓட்டத்தால் இயங்கும் மின்காந்தம் ஒன்று, பெரிய ஓட்டத்துக்கான தொடர்பை மூடுகிறது; அவ்வளவுதான். ஜெர்மானிய டின் 72552 தரத்தைப் பின்பற்றும் ரிலேக்களில் 85, 86 என்ற எண்கள் சிறிய சுருளின் முனைகளையும், 30, 87 என்ற எண்கள் பெரிய ஓட்டம் வந்து போகும் முனைகளையும் குறிக்கும். 'டிக்' ஒலி கேட்பது சுருள் நலமாக இருப்பதற்கு மட்டுமே சான்று. உள்ளே உள்ள தொடர்புமுனைகள் பொரிந்து கருகியிருக்கலாம் என்பதால், 30க்கும் 87க்கும் இடையே ஓட்டம் பாயும்போதுள்ள இழப்பையும் அளக்க வேண்டும். அதே காரில் ஹாரனுக்கு அதே வகை ரிலே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது முறையான சோதனையே.

தொடர்புமுனைகள் கருகுவதற்குப் பின்னால் கவனிக்கப்படாத ஒரு சிறு பொருள் பெரும்பாலும் இருக்கும். கிளட்ச் சுருளின் குறுக்கே ஒரு டையோடு, அதாவது ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் கருவி, பல கார்களில் கம்பிக்கட்டின் டேப்புக்குள் மறைத்து இணைக்கப்பட்டிருக்கிறது. சுருளில் ஓட்டம் திடீரென்று அறுபடும்போது, சரியும் காந்தப்புலம் நூறு வோல்ட்டையும் தாண்டும் எதிர் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. டையோடு அதற்கு ஒரு வட்டப் பாதை அமைத்துத் தணித்துவிடுகிறது. அது திறந்துபோனால் ஒவ்வொரு முறை கிளட்ச் விடும்போதும் ரிலேயில் பொறி பறக்கும், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேதமாகலாம். அது ஷார்ட்டாகிவிட்டால் ஏசி பொத்தானை அழுத்திய கணமே ஃப்யூஸ் போய்விடும். அப்போது சுருளின் மின்தடையை டையோடோடு சேர்த்து அளந்தால் பூச்சியத்தை ஒட்டிக் காட்டுவதால், குற்றமற்ற சுருள் தண்டனை பெறுகிறது. ஃப்யூஸ் போவதற்குக் கம்ப்ரசர் இறுகிவிட்டதே காரணம் என்று சொல்லப்படுவதும் பெரும்பாலும் பிழையானது. சுருள் எடுக்கும் ஓட்டம் அதன் மின்தடையைப் பொறுத்ததே அன்றி, தண்டு எவ்வளவு எளிதாகச் சுழல்கிறது என்பதைப் பொறுத்ததன்று. இறுகிய கம்ப்ரசர் பெல்ட்டைக் கிறீச்சிடவைக்கும், புகையவும் வைக்கும். கிளட்சின் ஃப்யூஸை அது நேரடியாக எரிப்பதில்லை. நெடுநேரம் வழுக்கிய கிளட்சின் சூட்டில் சுருளின் காப்புப் பூச்சு உருகினால் மட்டுமே அந்நிலை வரும். ஷார்ட்டைத் தேடும்போது ஃப்யூஸ்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பலிகொடுப்பதைவிட, ஃப்யூஸின் இடத்தில் அதே 21 வாட் பல்பை இணைப்பது மேல். ஷார்ட் நீடிக்கும்வரை அது முழு ஒளியில் எரியும். கம்பிக்கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்து வரும்போது எங்கே அது மங்குகிறதோ அங்கே காப்பு உரிந்திருக்கிறது.

வெப்ப உணரியின் கோளாறு வேறு விதமாகப் பேசும். மின்னணு வகையில் இது தெர்மிஸ்டர் என்ற சிறு மணி. குளிரக் குளிர இதன் மின்தடை ஏறும். கம்பி அறுந்துவிட்டால் மின்தடை எல்லையற்றதாகிவிடுவதால், கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் கடுங்குளிர் என்று புரிந்துகொண்டு, கத்திரி வெயிலிலும் கம்ப்ரசருக்கு அனுமதி மறுக்கிறது. மாறாக, மணி காயிலின் தகடுகளிலிருந்து நழுவித் தொங்கினால் அது எப்போதும் வெப்பத்தையே உணர, கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் காயிலைப் பனியால் மூடிவிடும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனதும் காற்றின் வேகம் படிப்படியாகக் குறைந்து, ஏசியை அணைத்துச் சற்றுப் பொறுத்தபின் பழையபடி வருமானால் இதைத்தான் ஐயுற வேண்டும். நகரில் நிற்கும்போது குளிர் குறைந்து, வேகமெடுத்ததும் திரும்புகிறது என்றால், கண்டென்சரின் மின்விசிறியைப் பார்க்க வேண்டும். விசிறி சுழலாதபோது வெப்பம் வெளியேறாமல் அழுத்தம் ஏறி, மேல்வரம்புச் சுவிட்ச் கிளட்சைத் துண்டித்துவிடுகிறது. புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி, குறைந்த வேகங்களில் ஓடவில்லை என்றால், வேகத்தைக் குறைக்கும் மின்தடைச் சுருள்களோ அவற்றின் வெப்ப ஃப்யூஸோ அறுந்திருக்கும். முழு வேகத்தில் ஓட்டம் அவற்றைத் தவிர்த்து நேராகப் போவதால்தான் அது மட்டும் தப்புகிறது.

இந்திய நிலையில் இவை எல்லாவற்றையும் சிக்கலாக்குவது, தொழிற்சாலையில் ஏசி இல்லாமல் வெளிவந்து பின்னர் கடைகளில் ஏசி பொருத்தப்பட்ட கார்களின் வயரிங். அம்பாசடர்களிலும் பழைய மாருதி 800களிலும் இது மிகுதி. கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள், கையேட்டில் இல்லாத நிறங்கள், வேறு பயன்பாட்டின் ஃப்யூஸிலிருந்து கடன் வாங்கிய மின்சாரம் என்று ஒவ்வொன்றும் தனி வகையாக இருக்கும். இத்தகைய காரில் முதல் வேலை, சுருளிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கம்பியையும் தொடர்ந்து சென்று அந்தக் காருக்கே உரிய படமொன்றைத் தாளில் வரைந்துகொள்வது. அரைநாள் பிடிக்கும் அந்த வேலையைத் தவிர்த்துவிட்டு உதிரிபாகங்களை மாற்றத் தொடங்கியவர் அதைவிடப் பல மடங்கு நேரத்தையும் பணத்தையும் இழப்பார்.

வந்து வந்து போகும் கோளாறு பட்டறைக்குக் கார் வந்ததும் ஒளிந்துகொள்ளும் இயல்புடையது. அளவீட்டுக்கு அது காத்திருப்பதில்லை. அதற்கு, அளவீட்டைக் காருக்குள்ளேயே குடிவைக்கும் வழி ஒன்றே உறுதியானது. ரிலேயின் 87ஆம் முனையிலிருந்து ஒன்றும், கிளட்சின் பிளக்கிலிருந்து ஒன்றுமாக இரண்டு மெல்லிய கம்பிகளை, ஒவ்வொன்றிலும் 1 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து, உள்ளே இழுத்துவந்து, ஓட்டுநருக்குத் தெரியும்படி இரண்டு சிறு 12 வோல்ட் பல்புகளில் சேர்த்து, பல்புகளின் மறுமுனைகளை நல்ல எர்த்தில் இணைத்துவிட்டால், குளிர் நின்ற கணத்தில் அவை எரிவதைக் கொண்டே கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இரண்டும் எரிந்தால் குறை சுருளிலோ, இடைவெளியிலோ, கம்ப்ரசரின் எர்த்திலோ இருக்கிறது. முதலாவது எரிந்து இரண்டாவது அணைந்திருந்தால் அவற்றுக்கிடையே உள்ள கம்பியிலோ கனெக்டரிலோ இருக்கிறது. இரண்டுமே அணைந்திருந்தால், சில நொடிகளில் தாமாக எரியத் தொடங்குகின்றனவா என்று பொறுத்துப் பார்க்க வேண்டும். எரிந்தால் அது வெப்ப உணரியின் வழக்கமான துண்டிப்பு, எரியாவிட்டால் ரிலேயையும் அதற்கு முன்னுள்ள அனுமதிச் சங்கிலியையும் கண்ணி கண்ணியாகத் திறந்து பார்க்கும் வேலை தொடங்குகிறது.